பில்பாவோ நகரம் கற்பிக்கும் பாடம்



ஒரு ஊர் எப்படிப் பணக்கார ஊராகிறது என்று கேட்டால், நம்மில் பலர் தெய்வ கடாக்ஷம் என்பார்கள். சிலர் அவ்வூர்ப் பெரிய மனிதரின் வம்சப் பெருமை என்பார்கள். இவ்விரண்டும் எவ்வளவு வெறும் பேச்சு என்பதைக் காட்ட, ஸ்பெயின் தேசத்தின் வடகரையிலுள்ள பில்பாவோ என்னும் நகரத்தின் கதையை இன்று எடுத்துக்கொண்டோம்.

பில்பாவோ நெர்வியோன் ஆற்றின் கரையில் உள்ளது. அங்கிருந்து கடல் சுமார் 10 மைல் தூரம். 1300-ஆம் ஆண்டில் விஸ்காயா நாட்டுப் பிரபுவான தியேகோ லோபெஸ் தெ ஆரோ என்பவர் சாசனம் கொடுத்து அதை ஒரு பட்டணமாக்கினார். காஸ்தீலிய நாட்டு ஆட்டு மயிர் இந்த ஆற்றின் வழியாக பிளாண்டர்ஸ் தேசத்துக்குக் கப்பலேறிற்று. வியாபாரிகள் 1511-இல் தங்களுக்கென ஒரு சபையும் வழக்கு மன்றமும் பெற்றார்கள். அவர்கள் 1737-இல் வகுத்த வியாபாரச் சட்டம் ஸ்பெயினில் 1829 வரை செல்லுபடியாயிற்று. ஆக, ஊர் பிழைத்தது வியாபாரத்தால், வேறொன்றாலும் அல்ல.

ஆனால் அந்நாட்டார் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள் தெரியுமா? விஸ்காயாவில் பிறந்த ஒவ்வொருவனும் பிறவியிலேயே பிரபு வம்சத்தவன் என்று 1526-ஆம் ஆண்டின் நாட்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். யூதர், மூர் இனத்தவர் ஆகியோரின் சந்ததியார் அங்கே குடியேறக்கூடாது என்று தடையும் போட்டார்கள். இரத்தத்தில் சுத்தம், அசுத்தம் என்று பேதம் பேசும் பைத்தியம் ஒரு தேசத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல என்பதைக் கவனியுங்கள்.

பிறகு நடந்ததென்ன? அருகிலுள்ள திரியானோ மலையில் உயர்ந்த இரும்புத் தாது உண்டு. பழைய வழக்கப்படி அது விஸ்காயா மக்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சுரங்கச் சட்டங்கள் அதைத் தனி மனிதர் கைக்கு மாற்றிவிட்டன. 1856-இல் இங்கிலாந்தில் பெஸ்ஸெமர் என்பவர் உருக்குச் செய்ய ஒரு புது முறை கண்டுபிடித்தார். அந்த உலைக்குப் பாஸ்பரஸ் கலந்த தாது ஆகாது. அதில் செய்த உருக்கு நொறுங்கிப்போகும். பாஸ்பரஸ் மிகக் குறைவான தாது பில்பாவோ மலையில் கிடைத்தது. அதுவும் கடலுக்கு வெகு சமீபத்தில். எனவே 1876-இல் உள்நாட்டு யுத்தம் முடிந்ததும் அம்மலைக்குக் கிராக்கி பொங்கி எழுந்தது. 1899-இல் மட்டும் 60 லக்ஷம் டன்னுக்கு மேல் தாது வெட்டினார்கள். பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போயிற்று. தாது கொண்டுபோன கப்பல்கள் திரும்பும்போது மலிவான நிலக்கரி கொண்டு வந்தன. அதனால் ஆற்றோரத்தில் 1882 முதல் பெரிய ஊதுலைகள் எழும்பின. அவை 1902-இல் ஒன்றாகி ஆல்தோஸ் ஓர்னோஸ் தெ விஸ்காயா என்ற பெருங்கம்பெனியாயின. பாங்கியும், கப்பல் கம்பெனியும், பங்கு மார்க்கெட்டும் ஏற்பட்டன.

மலைமேலுள்ள பெகோன்யா மாதாவுக்கு 1900-இல் கிரீடம் சூட்டினார்கள். தாதில் பாஸ்பரஸ் குறைந்ததற்கு மாதா என்ன செய்தாள் என்று மாத்திரம் யாரும் கேட்கவில்லை!

தோழர்களே! இந்தத் தாதை வெட்டியவர்கள் யார்? பிறவிப் பிரபுக்களா? இல்லை. ஸ்பெயினின் ஏழை ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூலிகள் அவர்களில் பெருந்தொகையினர். கம்பெனிக் கொட்டகையில்தான் படுக்க வேண்டும். காண்ட்ராக்டருக்கும் மேஸ்திரிக்கும் சொந்தமான கடையில்தான் அரிசி பருப்புப் போன்ற சாமான் வாங்க வேண்டும். இடது கையால் கொடுத்த கூலியை வலது கையால் பிடுங்கிக் கொண்டார்கள். 1890 மே மாதத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பட்டாளத்துடன் வந்த ஜெனரல் லோமா, கொட்டகைகளை நேரில் பார்த்துவிட்டு, சராசரி 10 மணி வேலை என்றும் கொட்டகையும் கடையும் கட்டாயமில்லை என்றும் முடிவு செய்து வைத்தார். முதலாளிகள் அதை நிறைவேற்றாமல் ஏய்த்தார்கள். 1903-இல் மறுபடியும் பெரிய வேலை நிறுத்தம் செய்த பிறகுதான் அந்தக் கடைக் கொடுமை ஒழிந்தது. ஏய்த்த வாக்குறுதியை மீட்டது வேண்டுதல் அல்ல, ஒற்றுமை.

இவ்விதம் உழைத்தவர்களை உள்ளூரார் எப்படி நடத்தினார்கள்? "மக்கேதோ" என்று இழிவாக அழைத்தார்கள். சபீனோ அரானா என்னும் பாஸ்க் தேசியத் தலைவர் 1894-இல் தொடங்கிய சங்கத்தில் சேர, பாட்டன் பாட்டிமாரின் குடும்பப் பெயர்கள் பாஸ்க் பெயர்களாக இருக்கவேண்டுமென்று நிபந்தனை வைத்தார். பிற்காலத்தில் அக்கட்சியார் இவ்வித நிபந்தனையைக் கைவிட்டது அவர்களுக்குப் பெருமையே. ஆனால் மண்வெட்டி பிடித்தவனின் பாட்டனைக் கேட்டவர்கள், லாபம் எடுத்துப்போன அன்னியக் கம்பெனிக்காரனின் பாட்டனைக் கேட்டதாக நமக்குத் தெரியவில்லை.

அந்தச் சுரங்க ஊரான கயார்த்தாவில் 1895-இல் ஒரு தொழிலாளி வீட்டில் பிறந்தவர் தொலோரெஸ் இபார்ரூரி அம்மையார். உபாத்தியாயினியாக விரும்பினார், வீட்டில் பணமில்லை. வீட்டு வேலைக்குப் போனார். பின்பு எழுதினார், பேசினார், பார்லிமெண்டுக்கும் சென்றார். படிக்க வசதியற்ற பெண்ணின் பேச்சை உலகமே கேட்டது.

1936-இல் பிராங்கோ கலகம் செய்தான். அதைப் பாதிரிப் பெரியவர்கள் புனிதப்போர் என்றார்கள். அந்தப் புனிதப்போர்க்காரர்களே பாஸ்க் பாதிரிமார் சிலரையும் சுட்டார்கள்! 1937 மே மாதத்தில் சுமார் 4,000 குழந்தைகளைப் பெற்றோர்கள் ஒரே கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு அழுதார்கள். ஜூன் 19-இல் நகரம் வீழ்ந்தது. உலைகளோ நின்றுவிடவில்லை. யார் ஆண்டாலும் உழைப்பவன் உழைத்துத்தானே ஆகவேண்டும்!

பிறகு நல்ல தாது தீர்ந்தது. 1970-களில் உலகமெங்கும் உருக்குக்கும் கப்பலுக்கும் விலை போகவில்லை. ஆறோ சாக்கடையும் ஆலைக்கழிவும் சேர்ந்து, மீன் வாழ முடியாத கறுப்பு நீராயிற்று. 1983 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. எவுஸ்கால்துனா கப்பல் தளத்தைக் காப்பாற்ற 1984-இல் தொழிலாளிகள் தெருவில் போராடினார்கள், ஒருவர் உயிரிழந்தார். 1988-இல் தளம் மூடப்பட்டது. 1996-இல் பெரிய ஊதுலையும் அணைந்தது.

அப்பொழுது அந்நகரத்தார் விதி என்று உட்காரவில்லை. கழிவு நீரைச் சுத்தம் செய்ய நிலையம் கட்டினார்கள். 1995-இல் சுரங்க ரயில் விட்டார்கள். துறைமுகத்தைக் கடல் பக்கம் தள்ளினார்கள். 1997-இல் டைட்டேனியத் தகடு போர்த்திய குகென்ஹைம் கலைக்காட்சிச் சாலையைப் பொதுப் பணத்தில் திறந்தார்கள். ஆற்றில் மீன் திரும்ப வந்தது. இதைச் செய்தது என்ஜினீயரும் வரிப்பணமும், ஜெபமாலை அல்ல.

நாம் இதை மெச்சுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: கப்பல் தளம் இருந்த இடத்தில் 1999 முதல் சங்கீத மண்டபம் நிற்கிறது, அங்கே இரும்பைப் பற்றவைத்த கைகளுக்கு அம்மண்டபத்தில் என்ன வேலை? ஊர் மறுபடி பணக்கார ஊராகிவிட்டது என்பது ஒரு கணக்கு. அதைக் கட்டியவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்பது வேறொரு கணக்கு. முதல் கணக்கைப் பத்திரிகைகள் எழுதும். இரண்டாவதை நாம்தான் கேட்கவேண்டும்.

ஆகவே தோழர்களே! எந்த ஊரின் பெருமையைக் கேட்டாலும், அங்கே எந்தச் சாமி இருக்கிறது, எந்த வம்சம் இருந்தது என்று கேட்காதீர்கள். மண்ணில் என்ன இருந்தது, அதை யார் வெட்டினார்கள், லாபம் யாருக்குப் போயிற்று என்று கேளுங்கள். இம்மூன்று கேள்விகளைக் கேட்கத் துணிந்தவனே சுயமரியாதைக்காரன்.