கல்விக் கடனுக்கு முன்னே ஒரு கணக்குப் பார்ப்போம்

(பொன்விழாவையொட்டி நம் பங்கில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் நம் தந்தை. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று சொல்ல இங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளியவன் நான். ஆகவே பணத்தைப் பற்றியே சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தாய் மகளோடு என்னிடம் வந்தார். பெண்ணுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. கேட்ட கடன் 4 லட்சத்துக்கும் குறைவு. அதற்குச் சொத்து ஈடு தேவையில்லை. ஆனாலும் வங்கி தயங்கியது. ஏன்? தகப்பனார் எப்போதோ நண்பரின் மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறார். நண்பர் ஊரைவிட்டே போய்விட்டார். பாக்கி இவர் பெயரிலும் நின்றது. "கையெழுத்துதானே போட்டேன்" என்றார் அந்த நல்ல மனிதர். பணம் கட்டப் பத்து நாள்தான் இருந்தது. தாயின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

கல்விக் கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடுகிறோம். பிள்ளையின் மார்க்கைப் பார்க்கிற வங்கி, நம் பழைய கடன்களையும் பார்க்கும். அந்த விவரங்களை நம் நாட்டில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்கள் திரட்டி வைக்கின்றன. 300 முதல் 900 வரை மதிப்பெண்ணும் போடுகின்றன. 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை நமக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையாது. பதற்றத்தில் ஒரே மாதத்தில் ஐந்தாறு வங்கிகளில் மனுப் போட்டால்தான் குறையும்.

அறிக்கையில் முதலில் பெயரையும் பான் எண்ணையும் பாருங்கள். நம் பங்கில் எத்தனை அந்தோணிசாமி, எத்தனை ஆரோக்கியமேரி! பெயர் ஒற்றுமையால் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறிவிடுவது உண்டு. அடைத்த நகைக்கடன் அடைபடாததாகவே நிற்பதும் உண்டு. அப்படி இருந்தால் வங்கியின் பாக்கி இல்லாச் சான்றோடு அந்த நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு ஈடு தரவேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இதற்குத் தரகர் வேண்டாம். பணம் கொடுத்தால் மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. பாதியைக் கட்டி "செட்டில்மெண்ட்" செய்த கடன் தீர்ந்துவிட்டதென்று நாம் நிம்மதியாக இருப்போம். அறிக்கையிலோ அது முழுதும் கட்டாத கடனாகவே தெரியும். முடிந்தால் மீதியையும் கட்டி, கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். மகளிர் குழுக் கடனையும் மறவாதீர்கள். தவணை தவறினால் அதுவும் ஏறும்.

மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் கல்லூரி கேட்கிற தேதிக்குள் நீதிமன்றம் ஏறி இறங்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? ஆகவே பிளஸ் டூ தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், கிறிஸ்மஸ் விடுமுறையிலேயே பாருங்கள். தவறைத் திருத்த நாலைந்து மாதம் கையில் இருக்கும்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் மறைக்கல்வி அறையில் இருப்பேன். பான் அட்டையையும், உங்கள் பெயரில் உள்ள கைப்பேசியையும் கொண்டு வாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே வாருங்கள். பழைய ஜாமீன் கையெழுத்துகள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.