அறுவை மகப்பேறும் தந்தையின் அணைப்பும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)

 

பள்ளித் தலைமையாசிரியன் ஒருவன் மேடையேறினால் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதனைப் பேச வேறு நண்பர்கள் வந்திருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்ட பொருள், பிள்ளை பள்ளி வாயிலை மிதிப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மணி நேரம். சிசேரியன் என்று நாம் வழங்கும் அறுவை முறையில் எடுக்கப்பட்ட குழந்தையின் முதல் மணி நேரம். நான் மருத்துவன் அல்லன். வரலாறு படித்த பி.ஏ., பி.எட்.காரன். ஆகவே இவ்வுரையை எழுதி, மகப்பேற்றுப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் சகோதரி ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொண்டே வந்திருக்கிறேன்.

என் மூத்த மகள் 1999ஆம் ஆண்டு அறுவை முறையில் பிறந்தாள். நான் நடைக்கூடத்தில் நின்றிருந்தேன். கதவு திறந்தது, பச்சைத் துணியில் சுற்றிய சிறு முகத்தைக் காட்டிப் ‘பெண் குழந்தை’ என்றனர், கதவு மூடிற்று. குழந்தையை வேறோர் அறையில் கிடத்தினர். அவள் அழுத குரல் கதவைக் கடந்து எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே வரலாமா என்று கேட்டேன். “ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை?” என்று விடை வந்தது. காலை பத்து மணிக்குப் பிறந்தவள் தாயின் மார்பை அடைந்தபொழுது மாலை விளக்கு ஏற்றிவிட்டனர். இடையில் அவள் வாயில் ஊற்றியது சர்க்கரைத் தண்ணீர். வீட்டிற்கு வந்த பின்னரோ, தீட்டுக் கழியும் வரை நான் திண்ணையோடு நின்றுகொண்டேன். என் மகளை நான் நெஞ்சோடு அணைத்தது பதினேழாம் நாள். மருத்துவமனை தடுத்தது சில மணி நேரம். பதினாறு நாள் தடுத்தது என் வீடும் என் அறியாமையும்.

அந்த நாளில் அக்குழந்தை இழந்தது என்ன என்பதனைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

கருப்பையின் கதகதப்பிலிருந்து நனைந்த உடம்போடு, குளிரூட்டிய அறுவை அரங்கிற்குள் குழந்தை வருகிறது. ஈரம் உலரும்பொழுது உடற்சூட்டையும் கொண்டு செல்லும் என்பதை நம் பள்ளி மாணவனும் சொல்வான். குழந்தைக்கு எடையோ மிகக் குறைவு. அவ்வெடையை நோக்கத் தோலின் பரப்பு மிகுதி. நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு இயலாது. உடம்பில் சேர்த்து வைத்த பழுப்புக் கொழுப்பை எரித்தே சூடு பெறவேண்டும். இயல்பான பிரசவத்தில் தாயின் வலி குழந்தையையும் ஆயத்தம் செய்கிறது. நுரையீரலிலுள்ள நீர் வற்றத் தொடங்குகிறது. வலி காணுமுன்னரே எடுக்கப்படும் குழந்தைக்கு அவ்வாயத்தம் குறைவு. அதனால் மூச்சு வாங்குதல் இத்தகைய குழந்தைகளிடம் சற்று மிகுதியாகக் காணப்படுகிறது. ஆக, அணைப்பு மிகுதியும் வேண்டிய பிள்ளையைத்தான் நாம் தனியே கிடத்தி வந்திருக்கிறோம்.

துடைத்து ஈரம் போக்கிய குழந்தையை ஆடையின்றித் தாயின் வெற்று மார்பில் குப்புறக் கிடத்தி, முதுகைத் துணியால் போர்த்தினால், தாயின் உடற்சூடு அதனைக் காக்கிறது. அழுகை அடங்குகிறது. சிறிது நேரத்தில் கையைச் சப்பி, தலையை அசைத்து, மெல்ல நகர்ந்து, தானே முலையைத் தேடிச் செல்லும் குழந்தைகளும் உண்டு. முதுகுத் தண்டில் ஊசி போட்டு அறுவை செய்யும்பொழுது தாய் விழித்தே இருக்கிறாள். கீழே தையல் நடக்கையிலேயே மேலே மார்பில் குழந்தையைச் சேர்க்க இயலும். 1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து வகுத்த தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிகளில் நான்காவது படி, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பிறந்தவுடன் இடையறாது தோலோடு தோல் சேர்ந்திருக்கச் செய்தலையே கூறுகிறது. அறுவை மகப்பேறு அதற்கு விலக்கன்று.

ஆயின் எல்லாத் தாய்மார்க்கும் அது உடனே கைகூடுவதில்லை. ஒருத்திக்குக் குளிர் நடுக்கம், ஒருத்திக்கு வாந்தி, ஒருத்திக்கு உதிரப்போக்கு, வேறொருத்திக்கு முழு மயக்கமே கொடுக்க நேரிடுகிறது. அவ்வேளையில் அப்பிள்ளைக்கு யார்?

2007ஆம் ஆண்டு வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வொன்று இதற்கு விடை தேடிற்று. நிறைமாதத்தில் அறுவை முறையில் பிறந்த நலமான குழந்தைகள், 29 தந்தையர். சில குழந்தைகள் தந்தையின் வெற்று மார்பில் கிடத்தப்பட்டன. ஏனையவை தந்தையின் அருகே தொட்டிலில் இருந்தன. மார்பில் கிடந்தவை குறைவாக அழுதன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கண்ணயரும் நிலையை அடைந்தன. தொட்டிற்பிள்ளைகளுக்கோ அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆயிற்று. சிறிய ஆய்வுதான். ஆயினும், தந்தை அருகில் நிற்பதும் அணைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதை அது காட்டிவிட்டது.

எடை குறைந்த பிள்ளைகளின் வரலாறு இன்னும் பெரிது. 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், ஏழைகள் நிறைந்த மகப்பேற்று மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர்கள் போதவில்லை, ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள், நோய்த்தொற்று பரவிற்று. எட்கர் ரே என்ற மருத்துவர், தாயின் மார்பையே பெட்டியாக்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்திருப்பதுபோல் என்பதால் ‘கங்காரு பராமரிப்பு’ என்ற பெயர் நிலைத்தது. இல்லாமையிலிருந்து பிறந்த இம்முறையைப் பின்னர்ச் செல்வ நாடுகளும் கற்றுக்கொண்டன. வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஒன்று. ஒரு கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவுக்கு உட்பட்டும் பிறந்த குழந்தைகளை, நிலைமை சீராகும் வரை காத்திராமல் உடனே மார்பில் சேர்த்தனர். முன்னைய முறையில் நூற்றுக்கு 15.7 குழந்தைகள் ஒரு மாதத்திற்குள் இறந்தன, இம்முறையில் 12. தாயால் இயலாத வேளையில் அவளுக்கு மாற்றாக வேறொருவர் மார்பு கொடுத்தார் என்பதை இங்கு நோக்க வேண்டும்.

இது நமக்கு எவ்வளவு நெருங்கிய செய்தி என்பதற்கு ஓரெண் போதும். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை முறையில் நடந்தன. இந்தியா முழுமைக்கும் அது 21.5 தான். இத்தனை அறுவை தேவைதானா என்பது வேறு வழக்கு. அதற்கு இன்று நேரமில்லை.

தீட்டு என்றேன். அச்சொல்லை இந்த அவையில் எளிதில் கடந்துபோக இயலவில்லை. என் தந்தையைப் பெற்ற பாட்டி பிள்ளைப்பேறு பார்த்தவர். நம் தெருவில் மட்டுமன்று, ஊர்த் தெருவிலும்தான். அங்குப் பிறந்த எத்தனையோ பிள்ளைகளை முதன்முதலில் ஏந்தியவை அவர் கைகள். குளிப்பாட்டிக் கொடுத்த பின்னர், அதே வீட்டின் வாசலுக்கு வெளியே நின்று முந்தானையில் நெல் வாங்கினார். பிறந்த உடம்பைத் தொட அவர் வேண்டும். தொட்ட பின் அவர் ஆகார். தொடுதலை மறுப்பது என்னவென்று இதைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அப்படியிருந்தும், அதே தீட்டைச் சொல்லித் தந்தையைப் பிள்ளையிடமிருந்து விலக்கும் வழக்கத்தை நம் வீடுகளில் ஏன் காத்து வந்தோம் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. பாட்டி செய்தவை எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டேன். பிறந்தவுடன் குளிப்பாட்டுவது பிள்ளையைக் குளிர்விக்கும். ஒரு நாளாவது பொறுக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவம்.

2023இல் அந்த மகளுக்கே அறுவை மகப்பேறு நேர்ந்தது; அரசு மருத்துவமனையில். ஆண் குழந்தை, இரண்டு கிலோ நூறு கிராம். மகளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மருத்துவர்கள் அவளைச் சூழ்ந்திருந்தனர். என் மனைவிக்கு அன்று காய்ச்சல். செவிலியர் வெளியே வந்து, “அப்பா யாரு? சட்டையைக் கழட்டிட்டு வாங்க” என்றார். மருமகன் என்னைப் பார்த்தார். மாமனார் எதிரில் சட்டையைக் கழற்றக் கூசினார். வரிசையில் அமர்ந்திருந்த பாட்டிமார் சிரித்துவிட்டனர். “போங்க மாப்பிள்ளை” என்றேன். அதற்குமேல் எனக்குக் குரல் வரவில்லை. நாட்கூலிக்குக் கொத்து வேலை செய்யும் அந்த இளைஞரின் மார்பில், சுண்ணாம்பு பட்டுக் காய்த்த கைகளுக்குள், என் பேரன் இரண்டரை மணி நேரம் கிடந்தான். கதவின் கண்ணாடி வழியே நின்று பார்த்தேன். இம்முறை அழுகுரல் கேட்கவில்லை. பின்னர் மகள் தேறியதும் குழந்தையை அவளிடம் சேர்த்தனர். பேரன் சீம்பால் குடித்தான். சர்க்கரைத் தண்ணீர் என்ற பேச்சே எழவில்லை.

தாய்க்குப் பதிலாகத் தந்தை என்று நான் வழக்காடவில்லை. முதல் உரிமை தாயின் மார்பிற்கே. பால் அங்கேதான் உண்டு. அவளால் இயலாதபோது தந்தை. அவள் தேறியதும் தாயிடம். அவள் களைத்தால் மறுபடி தந்தை. அறுத்துத் தைத்த வயிற்றோடு இருமவும் புரளவும் முடியாமல் கிடப்பவளுக்கு அதுவே பேருதவி.

இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு. அறுவைக்கு நாள் குறித்திருந்தால், முன்னரே மருத்துவரிடமும் செவிலியரிடமும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரங்க வாயிலில் வந்து வாதாடுவது பயன் தராது. சில இடங்களில் இடநெருக்கடி உண்டு, பிரசவ அறையில் பிற தாய்மாரின் மறைவுக்காக ஆண்களை விடமாட்டார்கள், அது நியாயமே. அப்படியானால் குழந்தையை வைத்திருக்கும் அறையில் இடம் கேளுங்கள். குளித்துத் தூய உடையோடு செல்லுங்கள். காய்ச்சல், இருமல், தோல்நோய் இருந்தால் தள்ளி நில்லுங்கள். பீடி, சிகரெட், மது ஆகியவற்றின் நெடியோடு செல்பவனைச் செவிலியர் திருப்பி அனுப்பினால் அவர் பக்கமே நான் நிற்பேன். குழந்தையின் முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மூக்கும் வாயும் மூடக்கூடாது. மோவாய் நெஞ்சில் அழுந்தக்கூடாது. தலைக்குக் குல்லாய், முதுகுக்குத் துணி. மூச்சையும் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள். உறக்கம் வந்தால் உடனே கொடுத்துவிடுங்கள். கைப்பேசியைச் சட்டையோடு வெளியே வைத்துவிட்டுச் செல்லுங்கள். மூச்சுத் திணறும் குழந்தையை மருத்துவர் எடுத்துக்கொண்டால் தடுக்காதீர்கள்.

அணைக்கும் முறையை எழுத்தால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது நன்று. நான் குறிப்பிட்ட செவிலியர் சகோதரி பொம்மையும் துணியும் கொண்டு வந்திருக்கிறார். பின்வரிசையில் நிற்கும் ஆண்கள் முன்னே வந்து அமருமாறு கேட்டுக்கொள்கிறேன்.