எங்க தெருவுக்குத்தான் இந்த நோயா?

(தஞ்சையில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளர்களிடம் சேகரித்த ரத்த மாதிரிகளில் 1986இல் அது தெரியவந்தது. நோய் தெரிந்த அன்றே, 'இது அவர்களுடைய நோய்' என்று பொதுப்புத்தி முத்திரை குத்திவிட்டது.

இன்று விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். அரை மணிக்குள் முதல்கட்ட முடிவு தெரிந்துவிடும். உகாண்டாவிலும் கென்யாவிலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பரிசோதித்திருக்கிறார்கள். நமக்கும் அது தேவை. நடவுக்குப் போகும் பெண் நம்பிக்கை மையத்துக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும்.

ஆனால் யார் வீட்டுக்குப் போவது?

சில ஆண்டுகளுக்கு முன் டெல்டா கிராமம் ஒன்றுக்குத் தன்னார்வலனாகப் போனேன். எங்கள் கையிலிருந்த பட்டியல் காலனியில் தொடங்கி காலனியிலேயே முடிந்தது. வயலிலிருந்து வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டார்: "ஏந்தம்பி, குடியானத் தெருவுக்குப் போனீங்களா? இல்ல, எங்க தெருவுக்குத்தான் இந்த நோயா?"

என்னிடம் பதில் இல்லை. சாதி பார்த்து வராத கிருமியை, சாதி பார்த்துத் தேடிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ரகசியம் எங்கே தங்கும்? கணவரும் மாமியாரும் பக்கத்தில் நிற்கையில் ஒரு பெண்ணால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, நோய் நிலையை வெளியிடக் கூடாது, வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். அது வீட்டு வாசலிலும் செல்லுபடியாக வேண்டும்.

ஆகவே, வீட்டுப் பரிசோதனை வரட்டும். ஆனால் ஊரின் எல்லாத் தெருவுக்கும் வரட்டும். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வருகிறது. அவற்றோடு இதையும் சேர்த்தால், எந்த வீட்டுக்கு எதற்காக வந்தார்கள் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியாது. முதல் முடிவே இறுதி முடிவு அல்ல, நம்பிக்கை மையத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் சொல்லட்டும். அரசு இலவசமாகத் தரும் கூட்டு மருந்தை நாள்தோறும் சாப்பிட்டு, கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அது பரவாது. இதை எல்லாத் தெருவிலும் உரக்கச் சொல்வோம்.

அடுத்த முறை அந்த அம்மா கேட்டால், "போய்ட்டுத்தாம்மா வர்றோம்" என்று சொல்ல முடிய வேண்டும்.