இன்னும் இரண்டு ஆண்டு படிக்கட்டுமா?



நான்காண்டுகள் இயந்திரப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்ற மகனோ மகளோ, ஒருநாள் இரவு சாப்பாட்டு வேளையில், "அப்பா, நான் மாஸ்டர் படிக்கலாமென்று இருக்கிறேன்" என்று சொன்னால் நம் வீட்டில் என்ன நடக்கிறது? அப்பா அம்மாவைப் பார்க்கிறார். அம்மா அடுத்த பிள்ளையின் படிப்புச் செலவை நினைக்கிறார். முதல் சம்பளத்துக்குக் காத்திருந்த வீடு அது. கல்விக் கடனும் நிற்கிறது. "படித்தது போதாதா?" என்று கேட்டுவிடுகிறோம். அப்படிக் கேட்பது குற்றமன்று. ஆனால், அது என்ன படிப்பு என்று அறிந்துகொண்டு கேட்பது நல்லது.

நமக்குப் பழக்கமான செம்பனை ஆலையையே எடுத்துக்கொள்வோம். பழக்குலைகளை நீராவியில் வேகவைத்து, பழங்களை உதிர்த்து, திருகு அழுத்தப் பொறியில் பிழிகிறார்கள். எஞ்சும் நாரும் ஓடும் பாய்லரில் எரிந்து, அடுத்த குலைக்கு நீராவி தருகின்றன. பிழியும் திருகு நாளடைவில் தேய்கிறது. கொட்டையும் மணலும் அதை அரைத்துவிடுகின்றன. தேய்ந்தால் எண்ணெய் நாரோடு போய்விடும்.

இயந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளி, சத்தத்தைக் கேட்டே கோளாற்றைச் சொல்லிவிடுவார். பட்டம் பெற்ற எஞ்சினியர் கணக்குப் போட்டு, எப்போது திருகை மாற்றுவது என்று திட்டமிடுவார். மாஸ்டர் படிப்பவரோ, "எந்த உலோகத்தில் செய்தால் தேய்மானம் குறையும்?" என்று கேட்டு, சோதனைக்கூடத்தில் தேய்த்து, எடைபோட்டு, விடை தேடுவார். முன்னிருவரையும்விட அவர் உயர்ந்தவர் என்பதல்ல. அவருடைய கேள்வி வேறு.

நம் நாட்டில் இப்படிப்பு மூன்று வகை. ஆய்வு மட்டும் செய்து ஆய்வேடு எழுதுவது ஒன்று. வகுப்புப் பாடங்கள் படித்து ஒரு திட்டப்பணி செய்வது இன்னொன்று. இரண்டும் கலந்தது மூன்றாவது. முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுகள் ஆகும். ஆய்வு நீண்டால் இன்னும் கூடும். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகவும் படிக்கலாம். இளங்கலையில் 4.00 புள்ளிக்குப் பொதுவாக 2.50 வேண்டும். ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நிபோங் திபாலில் பொறியியல் வளாகம் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் போன்றவை இதற்கு இடம் தருகின்றன.

ஒன்றை மறக்கக்கூடாது. 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்ய, அங்கீகாரம் பெற்ற இளங்கலைப் பட்டமே அடிப்படை. மாஸ்டர் பட்டம் அதற்கு ஈடாகாது. ஆகவே, ஆலையிலோ தொழிற்சாலையிலோ எஞ்சினியராக வேலை தொடங்க நினைக்கும் பிள்ளை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சியிலோ, விரிவுரையாளர் பணியிலோ, புதிய இயந்திரங்களை வடிவமைப்பதிலோ நாட்டமுள்ள பிள்ளைக்கு இதுவே வாசல்.

வேலை கிடைக்கவில்லையே என்று நாளைக் கடத்துவதற்காகப் படிப்பதுதான் ஆபத்து. இரண்டு ஆண்டு கழித்து அதே கவலை, கூடுதல் கடனோடு வந்து நிற்கும்.

ஆகவே பெற்றோர்களே, "வேண்டாம்" என்று சொல்லுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறாய்? உன்னை வழிநடத்தப்போகும் பேராசிரியரைப் பார்த்துப் பேசினாயா? அவருடைய ஆய்வு நிதியிலிருந்து உதவித்தொகை உண்டா, இல்லையென்றால் கட்டணத்துக்கு என்ன வழி? மூன்றுக்கும் பிள்ளை தெளிவாகப் பதில் சொன்னால், வீடு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். பதில் தடுமாறினால், முதலில் வேலைக்குப் போகட்டும். பகுதி நேரப் படிப்பு பிறகும் இருக்கிறது.

மகளென்றால் நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துவிடாதீர்கள். கல்யாணத்தைக் காரணம் காட்டி மூடிய புத்தகங்கள் நம் லயன்களில் போதுமான அளவு உண்டு.

விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போனவர்கள் நாம். பொறுத்திருந்து பலன் காண்பது நமக்குப் புதிதல்ல. எதற்காகப் பொறுக்கிறோம் என்று தெரிந்து பொறுப்போம்.