ஆகாயப் பிரயாணமும் நட்டஈடும்

வெள்ளவத்தையிலே பிரயாணப் பெட்டி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில், ஒரு வீட்டின் மகன் டொரொன்டோவில் இருக்கின்றான். மறு வீட்டின் மகள் பாரிசில் இருக்கின்றாள். பேரப்பிள்ளையின் முகங்காணப் புறப்படும் தாய்மாரும், கலியாணத்துக்கென வந்திறங்கும் உறவினரும் கட்டுநாயக்காவுக்கும் இப்பகுதிக்கும் இடையே ஓயாது போய்வருகின்றனர். அவர்களுடன் கூறைச்சேலையும் பலகாரமும் மிளகாய்த்தூளும் பயணஞ் செய்கின்றன.

அப்பெட்டி வந்து சேராவிடின் என் செய்வது? வந்தும் பிளந்து கிடந்தால் யாரிடம் முறையிடுவது? பெரும்பாலார் விதியை நொந்து வீடு திரும்புகின்றனர். அதற்கு முன்னர் சட்டத்தைச் சிறிது நோக்குதல் தகும்.

ஆகாயப் பிரயாணியின் உரிமைகளை உலகப் பொதுவாக வரையறுத்த முதல் உடன்படிக்கை, 1929 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் போலந்து நாட்டின் வார்சோ நகரிற் கைச்சாத்தானது. விமானத் தொழில் குழந்தைப் பருவத்தில் இருந்த காலம் அது. ஆதலின் பிரயாணியைக் காட்டிலும் விமானக் கொம்பனியைக் காப்பதிலேயே அதற்கு அக்கறை மிகுதி. ஒப்படைத்த பொதிக்குரிய நட்டஈட்டை அது நிறையால் அளந்தது: கிலோ ஒன்றுக்கு 250 பொன் பிராங்குக்கு மேற்படாது. பட்டுச்சேலையும் பழந்துணியும் அத்தராசிலே ஒரே விலை பெற்றன! 1999 ஆம் ஆண்டு மொன்றியலிற் கைச்சாத்தான உடன்படிக்கை இக்குறையை நீக்கி, பிரயாணி ஒருவருக்கு இவ்வளவு என வகுத்தது. இலங்கை 2018 இல் அதிற் சேர்ந்தது. 2024 டிசெம்பர் 28 முதல் பொதிக்குரிய எல்லை 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள் ஆகும். சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கலகான இதில் அத்தொகை ஏறக்குறைய 2,000 அமெரிக்க டொலருக்குச் சமம். ஆயினும் இஃது எல்லையேயன்றிக் கேட்டவுடன் கிடைக்கும் கொடையன்று. இழந்த பொருளின் பெறுமதியைக் காட்டியே பெறவேண்டும்.

பணத்தின் அளவிலும் நாட்களின் கணக்கே இங்கு முக்கியமானது. பெட்டி சேதமுற்றிருந்தால், அதனைப் பெற்ற நாளிலிருந்து 7 நாட்களுள் எழுத்து மூலம் முறைப்பாடு செய்தல் வேண்டும். தாமதித்து வந்த பெட்டியாயின், அது கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்கள். 21 நாட்கள் கழிந்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி உரிமை கோரலாம். வாய்பேசாது பெட்டியை ஏற்றுக்கொண்டவர், அது நல்ல நிலையிற் கிடைத்ததென ஒப்புக்கொண்டவராகவே முதற்கண் கருதப்படுவார். வாசலிலே வாகனம் காத்திருக்கின்றது, சொந்தக்காரர் கையசைக்கின்றனர், பயணக் களைப்போ பெரிது. உடைந்த பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியேறுவது மனித இயல்பே. எனினும், நிலையத்தை விட்டகலுமுன் பொதிப் பிரிவிற் படிவம் நிரப்பி அதன் பிரதியைப் பெறுவதற்குச் செல்லும் அரைமணி நேரம் வீணன்று. பெட்டியின் இலக்கத்துண்டும், இடைக்காலத்தில் வாங்கிய உடுபுடவையின் பற்றுச்சீட்டும் பின்னர் சாட்சி சொல்லும். (வாய்ச்சண்டை எவ்வளவு உரத்ததாயினும் எழுத்தாகாது.)

டோகாவிலோ துபாயிலோ விமானம் மாறிச் செல்வோரை, ஒரு கொம்பனி மற்றொன்றிடம் பந்துபோல் எறிவதுண்டு. உடன்படிக்கை இதற்கு இடங்கொடுப்பதில்லை. ஒரே ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த தொடர்ப் பயணத்தில் முதற் கொம்பனியையும், இறுதிக் கொம்பனியையும், இழப்பு நேர்ந்த கட்டத்தை நடத்திய கொம்பனியையும் பிரயாணி பொறுப்பாக்கலாம்.

உடலுக்கு நேரும் தீங்கு வேறு வகையானது. விமானத்தினுள்ளோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நிகழ்ந்த ‘விபத்தினால்’ காயம் உண்டாகியிருத்தல் வேண்டும். விபத்து என்பது யாது? சாதாரணமாக இறங்கிய விமானத்தின் காற்றமுக்க மாற்றத்தாற் செவிப்புலன் கெட்ட ஒருவரின் வழக்கிலே, 1985 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், பிரயாணிக்குப் புறம்பான எதிர்பாராத நிகழ்ச்சியே விபத்து என்று கூறியது. அவ்வழக்கில் அத்தகைய நிகழ்ச்சி இல்லை எனவும் தீர்ந்தது. சூடான கோப்பி கவிழ்ந்து ஆறு வயதுச் சிறுமி சுடப்பட்ட வழக்கிலோ, கிண்ணம் ஏன் சரிந்ததெனத் தெரியாதபோதிலும், அதனையும் விபத்தென 2019 இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொண்டது. ஆகவே இத்தகைய வேளையிற் பணியாளரைக் கொண்டு நிகழ்ச்சியைப் பதியச் செய்தலும், இறங்கியவுடன் வைத்தியரின் அறிக்கை பெறுதலும் வேண்டும்.

கொம்பனி இணங்காவிடின் நீதிமன்றம் உண்டு. விமானம் சேர்ந்த நாளிலிருந்து, அல்லது சேர்ந்திருக்கவேண்டிய நாளிலிருந்து, 2 ஆண்டுகளுள் வழக்கிடல் வேண்டும். அந்நிய நாட்டுக்கு அலையவேண்டுமோ என அஞ்சுவோர் சீட்டைப் பார்க்கட்டும். கொழும்பிலிருந்து போய்வரும் சீட்டாயின், பயணத்தின் சேருமிடம் கொழும்பே என நீதிமன்றங்கள் கொள்கின்றன. சேருமிடத்து நீதிமன்றத்தில் வழக்கிட உடன்படிக்கை உரிமை தருகின்றது. அங்கு முதலிற் கேட்கப்படுவது அந்த 7 நாட்களுள் எழுதிய கடிதத்தின் பிரதி.