அயல்மனையில் மொழி பயிலல்

(தாம்பரம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய நம் ஊர்களில் இஸ்பானிய மொழி கற்கக் கடல்கடக்க விழையும் இளைஞரும் நங்கையரும் உளர். 1218-இல் தோன்றிய சாலமங்கா சர்வகலாசாலையில் பயிலும் அயல்நாட்டு மாணாக்கர் அவ்வூர்க் குடும்பத்தாரோடு தங்குவதுண்டு. அங்ஙனம் பிறர்மனையில் உண்டுறையின் நம் ஒழுக்கம் கெடுமே எனப் பெற்றோர் அஞ்சுகின்றனர்.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ்ச் சிறுவரோடு தரையிலமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். அவர் தமிழிற் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. தமிழரோடு பழகித் தமிழ் கற்றமையால் அவர் தம் சமயத்தைக் கைவிட்டாரல்லர்; நம் பிள்ளைகளும் தம் நெறியை இழப்பாரல்லர்.

இஸ்பானியத்தில் 'நீ' என்பதற்குத் 'தூ' என்றும், 'தாங்கள்' என்பதற்கு 'உஸ்தெத்' என்றும் சொற்கள் உள. எவரிடத்து எது தகும் என்பதை இலக்கண நூல் ஓரளவே உரைக்கும். உணவு வேளையில் பாட்டியும் பேரனும் பேசுவதைக் கேட்டாலன்றி அது முற்றும் விளங்காது.

ஆகவே பெற்றோர்களே, குடும்பத்தின் இயல்பை நன்கு விசாரியுங்கள். புலாலுண்ணாதார் அதனை முன்னரே தெரிவியுங்கள். பின்பு துணிந்து அனுப்புங்கள். பிள்ளைகளே, அங்குச் சென்றும் நம்மவர் குழுவிலேயே ஒடுங்கியிராதீர்கள். அம்மனையாரோடு அவர் மொழியிலேயே பேசுங்கள் என வேண்டி அமைகின்றோம்.