ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

தோழர்களே, ஆட்குறைப்புப் பட்டியலில் சூப்பர்வைசரின் சொந்தக்காரர் பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? சேரியிலிருந்து வரும் நம் ஆள் பெயர்தான் முதலில் நிற்கும். கேட்டால் 'திறமை' என்பார்கள். சட்டமோ, ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்பச் சொல்கிறது. மாற்றினால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பணிமூப்புப் பட்டியலைக் கேளுங்கள். யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

எச்.ஆர். நீட்டுகிற ராஜினாமா கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் நீங்களாகவே போனதாகிவிடும். ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், எல்லாம் போச்சு. தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இ.எஸ்.ஐ. பிடித்தார்களா? 2018-இல் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில், இரண்டாண்டாவது காப்பீட்டில் இருந்தவர் 90 நாள் வரை பாதிச் சம்பளம் கேட்கலாம். 2020-க்கு முன் அது கால்வாசிதான். கிளை அலுவலகத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள், நம் சம்பளத்தில் பிடித்த பணமும் அதில் இருக்கிறது.